தேவயானி சொன்ன நல்ல வார்த்தை

"பத்து நிமிஷம் மழையில ஆடறா அந்தப் பொண்ணு. துடைச்சிக்க ஒரு துண்டு குடுக்க ஆளில்ல. வூட்டுக்குப் போயி ஒரு தும்மல்கூட தும்மல. இதெல்லாம் ஒரு படமாடி?"

தையல் மெஷினை மிதித்தபடி தேவயானி படத்தைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, தியேட்டர் மேனேஜர் ஸ்ரீதர் கடை வாசலில் வந்து நின்றார். அளவு கொடுக்க வந்திருந்த பெண்கள் சிரிப்பை விழுங்கினார்கள்.

"அக்கா, அந்தப் படம் இன்னும் ஓடிக்கினுதான் கீது."

"ஓடட்டும். நானா புடிச்சி வெச்சிருக்கேன்?"

திருத்தணி பஜாரில் ரவிக்கை தைக்கும் தேவயானி வாரம் ஒரு படம் பார்த்துவிடுவாள். திங்கட்கிழமை கடையில் தீர்ப்பு. போலீஸ் படத்தில் கதாநாயகன் நாற்பது பேரை அடித்தும் சட்டை கசங்கவில்லையே, எந்தக் கடை இஸ்திரி என்று கேட்டாள். தெலுங்கிலிருந்து டப்பிங் ஆகி வந்த படத்தில், "வாய் ஆந்திரா நகரியில கீது, குரல் அரக்கோணத்துல கீது." பேய்ப் படத்தில் பேயின் ரவிக்கைக்குத் தோள்பட்டை இறங்கியிருந்ததாம். அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் பயப்பட மறந்துவிட்டாளாம்.

ஸ்ரீதர் குரலைத் தாழ்த்தினார். "பாதி சீட்டு காலிக்கா. வெள்ளிக்கிழமை ஒரு குடும்பப் படம் போடறேன். அதுவும் படுத்துச்சினா, இடிச்சிட்டுக் கல்யாண மண்டபம் கட்டிடுவேன்றாரு ஓனரு. இதுக்கு மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க."

தேவயானி பதறிப்போனாள். தியேட்டர் போய்விட்டால் அப்புறம் எதைத் திட்டுவது?

படம் வருவதற்கு முன்பே புகழ ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் தூக்கிச் சொல்லுங்கக்கா" என்றார் ஸ்ரீதர்.

தூக்கினாள். தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சொன்னாள். புறப்பட இருந்த திருவாலங்காடு பஸ்ஸில் ஏறி, சொல்லிவிட்டு இறங்கினாள். சனிக்கிழமை ஐந்து பேர்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் வெங்கடேசனைக் கூட்டிக்கொண்டு அவளே போய் உட்கார்ந்தாள். படம் நிஜமாகவே நன்றாக இருந்தது. இடைவேளைக்குள் முந்தானை நனைந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். ஏசிக்காக வந்து தூங்கும் ஒரு பெரியவரைத் தவிர யாருமில்லை.

மறுநாள் காலை, எதிர்த் தெருப் பாஞ்சாலி ரவிக்கைத் துணியோடு வந்து, "படம் எப்படிக்கா?" என்றாள்.

தேவயானிக்கு ஆத்திரம் பொங்கியது. கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள். "குப்பை! படமா அது? ஒருத்தியும் அந்தப் பக்கம் போவாதீங்க!"

சாயங்காலம் ஸ்ரீதர் போனில் கத்தினார். "அக்கா, ஹவுஸ்ஃபுல்! வெளிய நாப்பது பேரு நின்னுக்கினு கீறாங்க. அப்படி இன்னா சொன்னீங்க?"

தேவயானிக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. மறுநாள் ரவிக்கை வாங்க வந்த பாஞ்சாலியைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நல்லாகீதுனு தொண்டை கட்ட கத்தினேன், ஒருத்தியும் வரல. குப்பைன்னதும் ஓடறீங்க. இன்னாடி ஞாயம் இது?"

பாஞ்சாலி சங்கடத்தோடு ரவிக்கையை மடித்தாள்.

"கோச்சிக்காதக்கா. நீ மாப்பிள்ளைங்களை 'தங்கமான புள்ள'னு சொன்னதை நம்பித்தானே, எங்க தெருவுல மட்டும் மூணு பேரு கல்யாணம் கட்டிக்கினு முழிச்சிக்கினு கீறோம்!"