கொழும்பைப் பிடிக்கப் புறப்பட்ட மைத்துனருக்கு

இடைத்தங்கல் முகாம்,
வவுனியா.
12.09.1999

அன்பின் மைத்துனர் பரமலிங்கத்துக்கு,

கனடாவில் நீரும் மனைவி பிள்ளைகளும் ஒரு குறையுமின்றி இருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இங்கே நானும் உமது அக்கா விமலேஸ்வரியும் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் வந்தேன். பக்கத்திலிருந்து அவா, "பொய் எழுதாதேங்கோ" என்றதால் விட்டுவிட்டேன்.

அக்காவின் ஒரு கண் முற்றாகப் போய்விட்டது என்றும், மற்றதைக் காப்பாற்ற இம்மாதம் 28ஆம் திகதி கொழும்பில் ஒப்பரேசன் என்றும் முன்னமே எழுதியிருந்தேன். ஸ்கந்தபுரத்திலிருந்து சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் மிச்சத்துக்குக் காலாலுமாக வவுனியா வந்து சேர ஆறு நாள். கொழும்புக்குப் போக இராணுவத்திடம் பாஸ் கேட்டு இந்த முகாமில் ஐம்பத்திரண்டு நாள். ஒருவழியாக எல்லாம் சரி, நாளைக்குப் பாஸ் என்று சொன்ன அன்றுதான் உமது பார்சல் வந்தது. நான் கேட்டது கண்ணுக்கு விடும் துளிமருந்து. நீர் அந்தக் குப்பியைச் சுற்றி, 'எதிரியின் தலைநகரை வீழ்த்துவது எப்படி?' என்று கனடாப் பத்திரிகையில் எழுதிவரும் தொடரின் பதினொரு பகுதிகளையும் வைத்து அனுப்பியிருந்தீர். இங்கே பார்சலை நாங்கள் பிரிப்பதில்லை, மைத்துனர். அவர்கள்தான் பிரிப்பார்கள்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு, இதை எழுதினவர் எந்தப் படைக்குத் தளபதி என்று கேட்டார். "ஐயா, அவர் பேக்கரியில பாண் போடுறவர். ஊரில இருக்கேக்க கிணத்தடியில பாம்பைக் கண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்" என்றேன். மொழிபெயர்க்கும் நல்லதம்பி அதை அப்படியே சிங்களத்தில் சொல்ல, அதிகாரி தொடரோடு நீர் போட்டிருந்த வரைபடத்தை விரித்து அந்தப் பேக்கரி எங்கே இருக்கிறதென்று தேடத் தொடங்கினார். முப்பத்தாறு மணித்தியாலத்தில் கொழும்பை அடையலாம் என்று நீர் எழுதியதை வாசித்துக் காட்டியபோது, அந்த மனுசனே ஒருக்கா என் முகத்தைப் பார்த்தார். பதினொரு பகுதியும் மொழிபெயர்த்து முடியும்வரை எங்கள் பாஸை நிறுத்தி வைத்தார்கள். நல்லதம்பி நாலாம் பகுதியில் நிற்கிறார். "அண்ணை, உங்கட மச்சான்ர ஒரு வசனம் ஒண்டரைப் பக்கம் போகுது. துறைமுகத்தைப் பிடிச்சாரோ விட்டாரோ எண்டு எனக்கே விளங்கேல்லை" என்று தலையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார். உமது திட்டப்படி மூன்று முனையில் ஒரே நேரத்தில் அடிக்க வேண்டுமாம். இங்கே தண்ணீர் வரிசையும் சாப்பாட்டு வரிசையும் பாஸ் வரிசையும் ஒரே நேரத்தில்தான் நடக்கின்றன, ஒன்றைப் பிடித்தால் மற்ற இரண்டும் கையை விட்டுப் போகின்றன. பக்கத்துப் பாயில் படுக்கும் வீரையா மலைநாட்டிலிருந்து வந்து கிளிநொச்சியில் தோட்டம் செய்தவர், நல்ல மனுசன், அவர் கேட்கிறார்: "ஏங்கய்யா, உங்க மச்சான் வவுனியாவுல பாஸ் எடுத்துட்டாரா? இல்லாட்டி ஆர்மி எப்படி அவர உள்ள விடும்?" எனக்குச் சிரிக்கவும் தெம்பில்லை.

பதினோராம் பகுதியின் அடியில் 'தொடரும்' என்று போட்டிருக்கிறீர். முடிவு தெரியாமல் விசாரணையை மூட முடியாது என்று அதிகாரி சொல்லிவிட்டார். ஆகவே உம்மைக் கும்பிட்டுக் கேட்கிறேன், பன்னிரண்டாம் பகுதியில் படையைத் திருப்பி எடும். மழை வந்தது என்று எழுதும், தளபதிக்கு வயிற்றுக்கோளாறு என்று எழுதும், கொழும்பு வேண்டாம் என்று எழுதி முடியும். உம்மில் எனக்குக் கோபம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும். அக்காவின் கண் போய்விடுமோ என்ற பயம் மட்டும் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதம். தமிழ் வாசிக்கப் பழக்கும், கட்டுரை எழுத மட்டும் விட்டுவிடாதேயும்.

இப்படிக்கு,
அத்தான் அப்புத்துரை

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் பாஸ் வந்தது. எனக்கு மட்டும். நான் உமக்குக் கலியாணத்தால் வந்த சொந்தமாம், போகலாமாம். விமலேஸ்வரி கூடப்பிறந்தவாவாம், விசாரணை முடியும்வரை இங்கேயே நிற்க வேண்டுமாம். எனக்கு இரண்டு கண்ணும் நல்லாய்த் தெரியும், நான் கொழும்புக்குப் போய் என்ன செய்ய? ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடும். திட்டத்தைக் கைவிட வேண்டாம், 28ஆம் திகதிக்கு முன்னம் படையோடு வாரும். போகிற வழியில் முகாமில் நிறுத்தி, மூன்றாவது கொட்டிலில் இருக்கும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு போம். அவாவுக்கு இப்போது முகம் பார்த்து ஆட்களை மட்டுக்கட்டத் தெரியாது. கிட்டப் போய், பரமலிங்கம் வந்திருக்கிறேன் என்று சொல்லும்.