பெண் பார்க்கும் நாளில் ஒரு ஜெனரேட்டர்

செல்போன் வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே ரிப்பேர் செய்யும் எதையும் நாம் வீட்டில் தொடக்கூடாது. இந்த ஞானம் எனக்கு வருவதற்கு என் தங்கை ஸ்டெல்லாவின் கல்யாணமே ஆட்டம் காண வேண்டியிருந்தது.

சேரம்பாடியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் ஸ்டோர் கிளார்க். காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு சின்ன ஜெனரேட்டரைக் கேட்டு வாங்கி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். குன்னூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும் அன்று காலையில் மரம் விழுந்து கரண்ட் போனது; மூடுபனியில் வீட்டுக்குள் பகலிலேயே இருட்டு. (எனக்கு உள்ளூர சந்தோஷம்தான்.) ஏற்கெனவே வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயிருந்ததால் அம்மா கலங்கிவிட்டார். "இருட்டுக்குள்ள புள்ளைய எப்படிடா காட்டுறது?"

"நான் இருக்கேம்மா," என்றேன். வேறு யாராவது இருந்திருக்கலாம்.

வீடியோவில் பார்த்தபடி கார்புரேட்டரைத் துடைத்து, புது பிளக் மாட்டினேன். துருப்பிடித்த சைலன்சரைக் கழற்றி எறிந்தேன். சத்தத்தைக் குறைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை என்பது என் ஆராய்ச்சி முடிவு. வீட்டின் பின்பக்கம் வைத்துக் கயிற்றை இழுத்தேன். டமார்! இன்னும் பலமாக இழுத்தேன். டமார், டமார்!

எங்கள் பக்கம் வெடிச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான்: யானை வந்துவிட்டது, யாரோ விரட்டுகிறார்கள். மூடுபனியில் நான் நிற்பது யாருக்கும் தெரியவில்லை. "ஆனை வந்துருச்சி! புள்ளைகள உள்ள இழுங்க!" என்று பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் கத்தினார். யானை தங்கள் பக்கம் திரும்பிவிடக்கூடாதென்று கீழ் லயத்தில் நிஜப் பட்டாசையே கொளுத்திப் போட்டார்கள். இத்தனை பேர் விரட்டும்போது யானை இல்லாமலா இருக்கும்? கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குள் பாய்ந்து தாழ்ப்பாள் போட்டேன்.

சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா ஃபோன் செய்தார். "ஏனுங்க தம்பி, வளைவுல எங்களை நிறுத்திப்போட்டாங்க. ஆனை நிக்குதாமுங்களே?"

"ஆமாங்க. எங்க வாசல்லதான் நிக்குது. மூச்சு விடுற சத்தங்கூடக் கேக்குது. வந்துறாதீங்க!" (அது என் மூச்சு.) அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

பட்டுச்சேலையில் இருட்டில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா மெதுவாகக் கேட்டாள். "அண்ணே, மொத வெடிய யாரு வெடிச்சது?"

அம்மா ஜெபத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஸ்டெல்லா தலையிலிருந்த பூவை எடுத்துவிட்டுச் சேலை மாற்றப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் குன்னூருக்கு ஃபோன் போட்டு நடந்ததைச் சொன்னேன். பெரியவர் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். அவருக்குப் பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அதுதான் மாப்பிள்ளை என்று அப்புறம் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஸ்டெல்லாவைப் பிடித்துவிட்டது. சீர்வரிசைப் பேச்சை அம்மா தயங்கித் தயங்கி எடுத்தார். "அதெல்லாம் வேண்டாமுங்க," என்றார் மாப்பிள்ளை. "அந்த மிசினை மட்டும் குடுத்துருங்க. அது உங்க ஊட்டுல இருந்தா நாங்க எப்படிங்க வந்து போறது?"

ஒரு சைலன்சரை மாட்டியதும் அது குன்னூரில் ஒழுங்காக ஓடுகிறது. நான் அங்கே போயிருக்கும்போது கரண்ட் போனால் ஸ்டெல்லா விருந்தாளிகளிடம், "எங்கண்ணே போட்ட சீர்," என்று அதைக் காட்டுவாள். அவர்கள் என்னைப் பெருமையாகப் பார்ப்பார்கள். அந்தப் பெருமை, மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு யானைக் கதையை ஆரம்பிக்கும்வரைதான்.