தூண்டில்காரருக்கு ஒரு மட்டக் கத்தி

அந்தத் தூண்டில்காரருக்கு ஒரு மட்டமான கத்தி செய்து தந்துவிடுவது என்று கத்திக்காரர் அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு கட்டிவிட்டார். இருபத்திரண்டு வருடத் தொழிலில் இப்படி ஒரு தீர்மானம் எடுத்தது இதுதான் முதல் தடவை. தெரியாமல் மட்டமாகச் செய்தது உண்டு. வேண்டுமென்று செய்ததில்லை.

வீட்டின் பின்பக்கத்துக் கொட்டகைதான் அவருடைய பட்டறை. சின்னக் கத்திகள் மட்டும்தான் செய்வார். மீன் பிடிக்கிறவர்களுக்கு வளைந்து கொடுக்கிற மெல்லிய கத்தி. வேட்டைக்குப் போகிறவர்களுக்குத் தோலுரிக்கிற குட்டைக் கத்தி. வாங்க வருகிறவர்கள் கட்டைவிரலால் கூர் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், போய்விடுவார்கள். யாரும் உட்கார்ந்ததில்லை. உட்கார அங்கே நாற்காலியே கிடையாது.

இப்போது இருந்தது. சாப்பாட்டு மேஜையிலிருந்து மனைவியே தூக்கி வந்து போட்ட நாற்காலி. அதில் தூண்டில்காரர்.

மனிதர் இரண்டு மாதம் முன்னால் ஒரு மீன் கத்தி வாங்கிப் போனார். நாலாம் நாளே வந்து கூர் போய்விட்டது என்றார். முள்ளை வெட்டியிருப்பீர்கள் என்றார் கத்திக்காரர். அது அவர் தயாராக வைத்திருக்கும் பதில். எந்தக் கத்தி திரும்பி வந்தாலும் குற்றம் வாங்கியவர் கையில்தான். சாணை பிடித்துக் கொடுத்தார். இரண்டு நிமிட வேலை. தூண்டில்காரர் ஒரு மணி நேரம் இருந்தார். மறுவாரம் வந்தார். அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை வந்தார்.

வந்தவர் சும்மாவா இருந்தார்? கதை சொன்னார். தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போன மீன், மறுநாள் அதே இடத்துக்கு வந்து அவரை முறைத்துப் பார்த்த கதை. படகு ஏறத் தெரியாத சகலையை ஏரிக்குக் கூட்டிப் போன கதை. மனைவி கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாள். கேட்டதோடு விட்டாளா, சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கத்திக்காரருக்கு வயிறு எரிந்தது. போன மாதம் காய்ச்சிய இரும்பைத் தெரியாமல் தொட்டுவிட்டு, விரல் வெந்த கதையை அவர் எவ்வளவு உருக்கமாகச் சொன்னார். இவள் பாத்திரம் கழுவியபடி, மருந்து அலமாரியில் இருக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். அதுவோ உண்மைக் கதை. விரலில் கொப்புளம் சாட்சி.

இதில் அந்த ஆள் அவளை ‘அண்ணி’ என்று வேறு கூப்பிட்டார். ஊரில் எல்லோரும் அரை நொடியில் சொல்லி முடிக்கிற வார்த்தை. இவர் வாயில் மட்டும் அது மெதுவாகக் கிளம்பி, வழியில் இளைப்பாறி, ஆற அமர வந்து சேர்ந்தது. கத்திக்காரர் காதுக்கு அப்படித்தான் கேட்டது.

அதனால்தான் அந்தத் தீர்மானம். பழசுக்குப் பதில் புதுசு என்று ஒன்றைக் கையில் கொடுப்பது. அது முதல் மீனிலேயே பல்லை இளிக்கும். மனிதர் வெறுத்துப்போய் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

மட்டமாகச் செய்வதற்கும் வழி உண்டு. இரும்பைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடி மாதிரி இறுகும். கீழே விழுந்தால் உடையும். அதனால் மறுபடி மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். இதைக் கத்திக்காரர் சமையலறையில்தான் செய்வார், அடுப்பில் தடித்த இரும்புத் தட்டைப் போட்டு அதன் மேல் வைத்து. இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிட்டால் கத்தி. நீலம் ஏறும்வரை விட்டால் மெத்துப்போன தகடு. அவர் விட்டார். கைகட்டி நின்று, நீலம் நன்றாக ஏறும்வரை விட்டார்.

பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, நீலம் ஏறிடுச்சு போல.”

“அதெல்லாம் இப்ப புது முறை.”

“யாருக்கு இந்தக் கத்தி?”

“உன் கதைக்காரருக்குத்தான்.”

“ஓ,” என்றாள். வெங்காயத்தில் மூழ்கிவிட்டாள்.

புதுக் கத்தியை வாங்கிக்கொண்டு போன தூண்டில்காரர் மறுநாளே வந்தார். மழுங்கிவிட்டதாம். கோபம் இல்லை, குறை இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை உட்பட தினமும் வந்தார். அவர் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே டீத் தண்ணீர் கொதித்தது. மனைவி தலையை ஒரு தடவை வாரிக்கொள்வதைக் கத்திக்காரர் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

ஒன்பதாவது நாள் சாணை பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு மண்டையில் உறைத்தது. மட்டமான கத்தி ஆளை எங்கே விரட்டுகிறது? அதுதானே தினமும் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறது. இருபத்திரண்டு வருடத்தில் திரும்பியே வராத ஆட்கள் யார்? ஆரம்ப காலத்தில் நல்ல கத்தி வாங்கிப் போனவர்கள். இந்த ஆளை ஒழிக்க வேண்டுமானால் மூன்று வருடத்துக்குச் சாணையே கேட்காத கத்தி ஒன்று வேண்டும்.

அன்றே வேலையில் இறங்கினார். நல்ல எஃகுப் பட்டை ஒன்றைத் தேடி எடுத்தார். முதல் தகடு நெளிந்தது, தூக்கிப் போட்டார். இரண்டாவதில் மயிரிழை அளவு விரிசல். யாருக்கும் தெரிந்திருக்காது. அதையும் தூக்கிப் போட்டார். மூன்றாவதை இயந்திரத்தில் தேய்த்தது போதாதென்று கல்லில் கையாலேயே தேய்த்தார். அடுப்பு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, வைக்கோல் நிறம் வருகிற அந்த நொடிக்காகக் கண் கொட்டாமல் காத்திருந்தார். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. நடுநடுவே தூண்டில்காரர் என்று ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்வதே மறந்துபோய்விடும். ஞாபகம் வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தேய்ப்பார். பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் தூண்டில்காரர் வந்ததும் உட்கார விடாமல் கத்தியை நீட்டினார். மனிதர் அதை வாங்கி மெல்ல வளைத்துப் பார்த்தார். வளைந்து, விட்டதும் நேராக நின்றது. ஒரு காகிதத்தின் ஓரத்தில் வைத்தார். அழுத்தவே இல்லை, காகிதம் இரண்டாகிக் கீழே விழுந்தது. குனிந்து அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார்.

“அண்ணி சொன்னது சரியாப் போச்சுண்ணே,” என்றார் கடைசியில்.

“என்ன சொன்னா?”

“முதல் கத்தியைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற ஆளைப் பாக்கலாம்னுதான் வந்தேன். அண்ணிதான் வாசல்ல நிறுத்தி, அவர்கிட்ட குறை சொன்னா காதுல ஏறாது, சும்மா வந்து உக்காந்து என்கூடப் பேசிட்டிருங்க, நல்ல கத்தி தானா வரும்னாங்க.”

கத்திக்காரர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “அப்ப அந்தக் கதையெல்லாம்?”

“எனக்குப் பேசவே வராதுண்ணே. தண்ணி ஓரமா நாளெல்லாம் வாய் மூடி உக்கார்றவன் நான். அண்ணிதான் தினமும் ஒரு கதை சொல்லிக் கொடுத்தாங்க. முறைச்ச மீனு அவங்களோடதுதான். மறந்துடக் கூடாதேன்னு, அண்ணின்னு இழுத்துட்டே அடுத்த வரியை ஞாபகப்படுத்திக்குவேன்.”

கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். இனி மூன்று வருடத்துக்கு வர மாட்டார்.

கத்திக்காரர் சமையலறைக்குப் பாய்ந்தார். தன்னை முட்டாளாக்கியது, அடுத்தவன் முன்னால் தலைகுனிய வைத்தது, எல்லாவற்றையும் கேட்டார். தான் சொல்லிக் கொடுத்த கதையையே இன்னொருவன் வாயில் கேட்டுச் சிரிக்கிற பொம்பளையை உலகத்தில் பார்த்ததில்லை என்றும் சொன்னார். அவர் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

“நாலு வருஷமா அவசர அவசரமா எதையோ செஞ்சு தள்ளிட்டு, வாங்கினவங்க மேல பழி போட்டுட்டிருந்தீங்க. நானும் சொல்லிப் பாத்தேன். கேட்டீங்களா? இந்தப் பதினோரு நாள் சாப்பிடக்கூட எழுந்திருக்காம உக்காந்திருந்தீங்களே, அந்த ஆளைத்தான் நான் கட்டிக்கிட்டேன். பாத்து ரொம்ப நாளாச்சு.”

கத்திக்காரருக்குக் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. இருந்தாலும் ஆம்பளை கெத்தை விட மனமில்லாமல், இந்த மாதிரி வித்தை இனி தன்னிடம் ஒருநாளும் பலிக்காது, எல்லாம் புரிந்துபோய்விட்டது என்று அறிவித்தார். சரி என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

அப்போது பின்கதவில் யாரோ தட்டினார்கள். போன வருடம் தோலுரிக்கிற கத்தி வாங்கிப் போன வேட்டைக்காரர். ஆறடி உயரம், முறுக்கு மீசை. இரண்டு நாளில் கூர் போய்விடுகிறது என்று கத்தியை நீட்டினார்.

“எலும்புல போட்டிருப்பீங்க,” என்றார் கத்திக்காரர், பழக்கதோஷத்தில்.

மனைவி தலையை ஒரு தடவை வாரிக்கொண்டாள். நாற்காலியை எடுத்து வேட்டைக்காரர் பக்கம் போட்டாள்.

“உக்காருங்க. காட்டுப்பன்னி துரத்தின கதை ஏதாவது இருக்கா, இல்ல நான் சொல்லித் தரட்டுமா?”

வேட்டைக்காரர் உட்காருவதற்குள் கத்திக்காரர் அடுப்பில் இரும்புத் தட்டைப் போட்டுவிட்டார்.