மக்கப்பத்னா: ஒரு மூலப்படத்தின் வரலாறு

திருவண்ணாமலை வட்டாரத்துக் குழந்தைகள் சரியான படங்களைப் பார்ப்பதில்லை என்பது ஒரு நாள் மேலிடத்துக்குத் தெரியவந்தது. எப்படித் தெரியவந்தது என்று யாரும் கேட்கவில்லை. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியாது என்பதால், வேங்கிக்காலில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் ‘குடும்பத் திரைச்சித்திர மேம்பாட்டு அலகு’ தொடங்கப்பட்டது. சனிக்கிழமைதோறும் பள்ளிகளில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு நல்ல கார்ட்டூன் பார்க்க வேண்டும், அந்தக் கார்ட்டூன் உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும் என்பது திட்டம்.

அலகுக்கு உதவி இயக்குநராக முருகையன் நியமிக்கப்பட்டார். அதுவரை அவர் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போடும் பணியை மேற்பார்வை செய்துவந்தார். கார்ட்டூன் படங்களில் பெரும்பாலும் மிருகங்களே வருவதால், அனுபவத்தின் அடிப்படையில் தேர்வு நடந்ததாகக் கொள்ள வேண்டும். அவருக்கு ஆலோசனை சொல்ல ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அருணாதேவி இருந்தார். இருவரும் சேர்ந்ததுதான் தேர்வுக் குழு.

ஊரில் கார்ட்டூன் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றே ஒன்று. திருவூடல் தெருவில் பாத்திரக் கடை மாடியில் இருந்த ‘பவுர்ணமி பிக்சர்ஸ்’. உரிமையாளர் அஜ்மல், கல்யாண வீடியோக்களில் இதயங்களைப் பறக்கவிட்டுத் தொழில் கற்றவர். படம் வரைபவர் வேதா. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவார்.

அந்த வருடம் உலகம் முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் பார்த்து அழுத வெளிநாட்டுக் கார்ட்டூன் ஒன்று, தமிழில் ‘மணல் மகன்’ என்ற பெயரில் வந்திருந்தது. பாலைவனத்தில் தாயைத் தொலைத்த ஜாஜு என்னும் ஒட்டகக் குட்டியின் கதை. அஜ்மலும் மனைவி மக்களோடு போய் அழுதார். இடைவேளையிலேயே வேதாவுக்கு போன் வந்தது.

“வேதா, ஒட்டகத்துக்குத் திமில் எங்க இருக்கு?”

“நடு முதுகுல, பாய்.”

“அதைக் கொஞ்சம் முன்னாடி தள்ளிடு.”

“தள்ளினா?”

“காளை. கழுத்து நீளத்தையும் கம்மி பண்ணிடு. பேரு ராஜு.”

ஒரு எழுத்து மாறினால் அது வேறு படம் என்பது அஜ்மலின் சட்ட அறிவு. எனவே ‘மணல் மகன்’ என்பதிலிருந்து ‘ல்’ என்ற எழுத்து நீக்கப்பட்டது. படத்தின் பெயர் ‘மணமகன்’ ஆயிற்று.

“பாய், கன்னுக்குட்டிக்கு இன்னா கல்யாணம்?” என்று வேதா கேட்டார்.

“கடைசி சீன்ல பெருசாயிடும்மா. பழைய இதயம்லாம் ஜாஸ்தி கிடக்குது, பறக்க விட்டுக்கலாம்.”

வேதா இதற்கெல்லாம் சம்மதித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவரிடம் சொந்தமாக ஒரு கதை இருந்தது. பவுர்ணமியன்று அடி அண்ணாமலையில் ஒரு தவளை சாலையைக் கடக்கப் பார்க்கிறது. கிரிவலம் போகும் லட்சக்கணக்கான கால்கள் வழிவிடுவதாக இல்லை. வேறு வழியின்றித் தவளையும் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கிறது. அங்குலம் அங்குலமாக ஒதுங்கி ஒதுங்கி, மலையை முழுக்கச் சுற்றிவந்து, புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே, சாலையின் மறுபுறம் போய்ச் சேர்கிறது. ‘அந்தப் பக்கம்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். திரையில் ‘கதை: வேதா’ என்று ஒரு கார்டு வர வேண்டும், அம்மாவை முதல் வரிசையில் உட்காரவைத்து அதைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை.

“காளையை முடிச்சுக் குடு. அடுத்தது உன் தவளைதான்” என்று அஜ்மல் வாக்குக் கொடுத்திருந்தார்.

‘மணமகன்’ குழுவின் பார்வைக்குப் போயிற்று. தாயைத் தேடி ராஜு மலையைச் சுற்றும் காட்சி வந்ததும் முருகையன் கையை உயர்த்தினார்.

“நிறுத்துங்க. மாடு எந்தப் பக்கம் போவுது?”

“முன்னாடி போவுது சார்” என்றார் அஜ்மல்.

“முன்னாடிதான்யா. மலை எந்தக் கைப்பக்கம் இருக்குது?”

எல்லோரும் பார்த்தார்கள். ராஜு திரையில் இடமிருந்து வலமாக நடந்தது. பின்னால் மலை. அதாவது மாட்டுக்கு இடது கைப்பக்கம்.

“அப்பிரதட்சணம்!” என்று அருணாதேவி நெஞ்சில் கைவைத்தார். “இந்த ஊர்ல பொறந்த மாடு செய்யற வேலையா இது?”

குற்றம் மாட்டுடையது அல்ல. ஒட்டகம் நடந்த மாதிரியே அதை நடக்கவைத்திருந்தார்கள். பாலைவனத்தில் மலை இல்லாததால் ஒட்டகம் எந்தப் பக்கம் நடந்தாலும் யாரும் கேட்பதில்லை. வேதா மடிக்கணினியை இழுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். கண்ணாடியில் தெரிவதுபோல மாடு திரும்பிக்கொண்டது. மலை வலது கைக்கு வந்தது. தர்மம் நிலைநாட்டப்பட்டது. ஆனால் கழுத்துப் பட்டையில் இருந்த ‘ராஜு’ என்ற பெயரும் கூடவே திரும்பிவிட்டது.

“இது இன்னா எழுத்து?” என்று முருகையன் கண்ணைச் சுருக்கினார்.

அஜ்மல் வாயில் வந்ததைச் சொன்னார்: “ஒரிஜினல் படத்தோட பாஷைங்க சார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. முருகையன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

“அப்ப இதுக்கு ஒரிஜினல்னு ஒண்ணு இருக்குதா?”

“சார்... சும்மா ஒரு சாயல்தான்...”

“யோவ், அதை ஏன்யா முதல்லயே சொல்லல? நான் பயந்துட்டிருந்தேன். சின்னப் பசங்க சமாசாரம் பாருங்க. புதுசா ஒண்ணைக் காட்டி ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது? தடுப்பூசியும் இப்படித்தான். நாலு ஊர் மாட்டுக்குப் போட்டு ஒண்ணும் ஆவலைன்னாதான் நம்ம ஊர் மாட்டுக்குப் போடுவோம்.”

அன்றே ஒரு விதி இயற்றப்பட்டது. இனி அலகுக்கு வரும் எந்தப் படமும், ஏற்கெனவே வெளிவந்து தீங்கு விளைவிக்காத ஒரு மூலப்படத்தோடு எழுபது சதவீதம் ஒத்துப்போக வேண்டும். ‘மணமகன்’ எல்லாப் பள்ளிகளிலும் ஓடியது. இதயங்கள் பறந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். படம் முடிந்துவிட்டது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது.

அடுத்ததாக வேதா தன் தவளையை எடுத்துக்கொண்டு வேங்கிக்கால் போனார். முருகையன் கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

“நல்லா இருக்கும்மா. எதோட காப்பி?”

“எதோடதும் இல்ல சார். என் சொந்தக் கதை.”

“சரி, அது இருக்கட்டும். எதோட ஒப்பிட்டுப் பாக்கறது?”

“ஒப்பிடவே வேணாம் சார். பாத்தா போதும்.”

முருகையன் அருணாதேவியைப் பார்த்தார். அருணாதேவி வேதாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“தப்பா நினைச்சுக்காதம்மா. ஒண்ணைப் பாத்துப் பண்ணினா அதுல ஒரு ஒழுங்கு இருக்கும். நீயா யோசிச்சா அதுக்கு அளவு ஏது?”

வேதா திரும்பிவந்தார். அஜ்மல் இரண்டு டீ சொல்லிவிட்டுச் சமாதானம் சொன்னார்: “நான் இன்னாம்மா பண்றது? நான் தயாரா இருக்கேன். ஒரிஜினல் ஒண்ணு கொண்டா, உடனே ஆரம்பிச்சிடலாம்.”

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அன்று வேதாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. இருட்டிய பிறகு ஜன்னல் கண்ணாடியில், பஸ்ஸுக்குள் எழுதியிருந்த ‘கரம் சிரம் புறம் நீட்டாதீர்’ திருப்பித் தெரிந்தது. வேற்று நாட்டு அறிவிப்புப் போலவே இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் மீண்டும் வேங்கிக்கால் போனார்.

“சார், அன்னைக்கு வெட்கப்பட்டுக்கிட்டு சொல்லாம விட்டுட்டேன். அந்தத் தவளைக் கதைக்கு ஒரிஜினல் இருக்கு.”

“பாத்தியா! நான் அப்பவே நினைச்சேன். பேரு?”

‘அந்தப் பக்கம்’ என்பதை வேதா கடைசியிலிருந்து சொல்லிப் பார்த்து வைத்திருந்தார்.

“மக்கப்பத்னா.”

தெரியாது என்று சொல்ல இருவருக்கும் மனம் வரவில்லை. முருகையன்தான் முதலில் சுதாரித்தார்.

“மக்கப்பத்னாவா! அதைச் சொல்றியா நீ?”

“தவளை வருமே, அதானே?” என்றார் அருணாதேவி.

“அதேதான் மேடம்.”

“யாரோ ஒருத்தர் எடுத்திருப்பாரு... நுனி நாக்குல நிக்குது” என்று முருகையன் நெற்றியைத் தடவினார்.

வேதா தன் பெயரையும் கடைசியிலிருந்து சொன்னார். “ஆதேவ்.”

“ஆதேவ்! ஆதேவ்! பெரிய ஆளாச்சே. எந்த நாடு அவரு, பல்கேரியாவா?”

“அந்தப் பக்கம்தான் சார்.”

“எழுபது சதவீதம் ஒத்துப்போவுமா?”

“நூறே போவும் சார்.”

“அவ்வளவு வேணாம்மா. அப்புறம் காப்பி அடிச்ச மாதிரி இருக்கும்.”

அனுமதி அந்த நிமிடமே கிடைத்தது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ‘கதை: வேதா’ என்ற கார்டு கூடாது. மூலத்துக்கு மரியாதை செய்யும் விதமாக ‘மூலக்கதை: ஆதேவ்’ என்று போட வேண்டும். வேதா ஒரு நிமிடம் நின்றார். பிறகு சரி என்றார். தவளை சாலையைக் கடந்தால் போதும் என்று அப்போது நினைத்தார்.

படம் தயாராயிற்று. தவளை மலையை வலது கைப்பக்கம் வைத்தே சுற்றியது. முதல் காட்சிக்கு வேதா அம்மாவை அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். பிள்ளைகள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். கடைசியில் தவளை மறுபுறம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அரங்கம் சத்தமில்லாமல் இருந்தது.

விளக்கு போட்டதும் முருகையன் எழுந்தார்.

“நல்ல முயற்சி. ஆனா ஒண்ணு சொல்லணும். ஒரிஜினல் அளவுக்கு வரல.”

அருணாதேவி ஆமோதித்தார். “ஆதேவ் படத்துல அந்தத் தவளையோட கண்ணு இருக்கே... அது வேற.”

பின்வரிசையில் ஒரு தகப்பனார், தான் அதை மொபைலில் பார்த்திருப்பதாகவும் இதில் பாதிகூட இல்லை என்றும் பக்கத்து ஆளிடம் சொன்னார். பக்கத்து ஆள் இரண்டு முறை பார்த்திருந்தார். அம்மா வேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: “விடுடி. அந்த வெள்ளைக்காரன் மாதிரி வரணும்னா நாளாவும்.”

பாத்திரக் கடை மாடிக்குத் திரும்பியதும் வேதா அஜ்மலிடம் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“பாய், ஆதேவ்னு ஒருத்தரும் இல்ல. அப்படி ஒரு படமே இல்ல.”

அஜ்மல் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “இல்லியா? இன்னாம்மா சொல்ற, நானே பாத்தனே!”

“எங்க பாத்தீங்க?”

“சென்னையில... மச்சான் வூட்டுல...” என்று தொடங்கியவர், வேதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரை மறுபடி எடுத்துக்கொண்டார்.

விஷயம் அதோடு முடியவில்லை. ஒப்பீட்டின் பொருட்டு மூலப்படத்தையும் திரையிடுவதென்று அலகு தீர்மானித்தது. பிரதி கொண்டுவரும் பொறுப்பு பவுர்ணமி பிக்சர்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அஜ்மல் பதறிப்போனார். வேதா பதறவில்லை. தன் படத்தைத் திறந்து அதே பழைய பொத்தானை அழுத்தினார். படம் முழுவதும் கண்ணாடி பார்த்ததுபோலத் திரும்பிக்கொண்டது. டீக்கடைப் பலகை, பஸ் பலகை எல்லாம் புரியாத எழுத்தாயின. அடுத்து ஒவ்வொரு பேச்சையும் பின்னிருந்து முன்னாக ஓடவிட்டார். பிறகு, யாரும் சொல்லாமலே, தூக்கிப்போட்டிருந்த ‘கதை: வேதா’ கார்டை எடுத்து, அதையும் திருப்பி, படத்தின் முகப்பில் ‘மூலக்கதை: ஆதேவ்’ இருந்த இடத்தில் வைத்தார்.

வேங்கிக்காலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. முதல் கார்டு வந்ததும், “எழுத்தே ஓவியம் மாதிரி இருக்கு பாருங்க” என்றார் அருணாதேவி. முன்வரிசையில் அம்மாவும் அதை ஆர்வமாகப் பார்த்தார்.

தவளை நடக்கத் தொடங்கியது. மலை இடது கைப்பக்கம் வந்தது.

“சார்,” என்று அஜ்மல் முருகையன் காதருகே குனிந்தார், “அப்பிரதட்சணமா...”

“அவங்க கலாசாரம்யா அது. நாம தலையிடக் கூடாது.”

காலடிகளுக்கு நடுவே தவளை ‘வழி விடுங்க’ என்று கெஞ்சும் இடம் வந்தது. ‘அக்னுடிவ் இழவ், அக்னுடிவ் இழவ்’ என்று கேட்டது. அருணாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கேட்டீங்களா? இழவுன்னு வருது. துக்கத்துக்கு அவங்களும் அதே சொல்லைத்தான் வச்சிருக்காங்க. நம்ம மொழி எங்கெல்லாம் போயிருக்கு!”

தமிழின் தொன்மைக்காக அரங்கம் கைதட்டியது. விளக்கு போட்டதும் முருகையன் எழுந்து திரையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு, “இது படம்” என்று மட்டும் சொன்னார்.

அந்த ஆண்டின் சிறந்த குடும்பத் திரைச்சித்திரத்துக்கான கேடயம் ஆதேவுக்கு அளிக்கப்பட்டது. அவரால் நேரில் வர இயலாததால், அவர் சார்பில் வேதா பெற்றுக்கொண்டார். “பத்திரமா சேர்த்துடும்மா” என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்.

வேதா அதைப் பத்திரமாகவே கீழ்பென்னாத்தூருக்குக் கொண்டுபோனார். சில நாள் கழித்து, தன் படத்தை இன்னொரு முறை குழு பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆதேவின் படத்தை நன்றாகக் கவனித்துவிட்டதாகவும், குறைகளைக் களைந்துவிட்டதாகவும் சொன்னார். உண்மையில் பொத்தானை மறுபடி அழுத்தி, பேச்சையும் நேராக ஓடவிட்டதைத் தவிர அவர் எதையும் தொடவில்லை. ஆகவே படம் பழையபடி ஆகியிருந்தது. அதன் முகப்பில் இப்போது ‘கதை: வேதா’ என்று எல்லோரும் படிக்கும்படி நேராக இருந்தது.

முருகையன் முழுவதையும் பார்த்தார். அருணாதேவியைக் கலந்துகொண்டார். பிறகு வேதாவை அன்போடு உட்காரச் சொன்னார்.

“முன்னைக்கு இப்ப நல்ல முன்னேற்றம் தெரியுதும்மா. கைத்திறமை இருக்கு உங்கிட்ட. மறுக்கலை. ஆனா ஒண்ணு மட்டும் அண்ணன் மாதிரி சொல்றேன்.” முகப்பில் நின்ற அந்தக் கார்டைச் சுட்டிக்காட்டினார். “அடுத்தவன் கதையில பேரைப் போட்டுக்கறது நல்லாவா இருக்கு? நீயா ஏதாவது சொந்தமா யோசிக்கப் பாரேன்.”