படத்தில் உங்கள் தங்கை செருப்பில்லாமல் நிற்பது ஏன்

லா சப்பல், பாரிஸ்
ஞாயிறு, கடையில் ஆள் குறைந்த நேரம்

பெருமதிப்புக்குரிய பரராசசிங்கம் அண்ணை அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் குகதாசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நாங்கள் சுகம். அவ்விடம் உங்கள் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் நீங்கள் நல்ல சுகத்தோடும் அதைவிட நல்ல கோபத்தோடும் இருக்கிறீர்கள் என்று மச்சாள் ஏற்கெனவே சொல்லிவிட்டதால் அந்த வரியை எழுதாமல் விடுகிறேன். நீங்கள் இருக்கிற வில்லியே லே பெல் என்ன, கடல் கடந்த ஊரா? ரயில் ஏறினால் வந்துவிடலாம். ஆனால் நான் வந்து மணி அடித்தால் கதவு திறக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டிருக்கிறீர்களாம். தொலைபேசியையும் எடுப்பதில்லை. குடும்ப வாட்ஸப் குழுவிலிருந்தும் விலகிவிட்டீர்கள். தபால்காரருக்கு மட்டும் இன்னும் தடை விதிக்கவில்லை என்ற தைரியத்தில் முத்திரை வாங்கியிருக்கிறேன்.

விஷயம் அந்தப் படம். எங்களுடைய முப்பதாவது கலியாண நாளுக்கு மகள் நிரோஜினி எங்கள் இருவரையும் பூர்கோன்ய் பக்கம், வைன் செய்கிற ஊர்களைச் சுற்றிப் பார்க்க அனுப்பினாள். பிறகு நாங்கள் அங்கே எடுத்து அனுப்பிய படம் ஒன்றை மூன்று இதயங்களோடு குடும்பக் குழுவில் போட்டாள். அதில் உங்கள் தங்கை இந்திராதேவி சிவப்பு வைன் கிளாஸ் ஒன்றை உயர்த்திப் பிடித்தபடி, மற்றக் கையை ஒரு பிரெஞ்சு மனுஷியின் தோளில் போட்டுக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தபடி நிற்கிறாள். காலில் செருப்பில்லை. செருப்பைத் தொலைக்கும் அளவுக்குக் குடித்திருக்கிறாள் என்று நீங்கள் முடிவு கட்டினீர்கள். “குடிச்ச கையாலை என்ரை பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்க வேண்டாம்” என்றும் சொல்லிவிட்டீர்கள். அடுத்த மாதம் கோசலைக்குக் கலியாணம். அவளுக்கு ஒரே மாமி இவள்தான். மணவறையில் அந்த ஆலாத்தித் தட்டை இன்னொருத்தி பிடிக்க, இவள் கதிரையில் குந்தியிருந்து பார்ப்பதா? உங்கள் சொல் காதில் விழுந்த நாளிலிருந்து இவள் வழமைபோல் சமைக்கிறாள், வழமைபோல் கல்லாவில் இருக்கிறாள். ஆனால் கலியாணச் சேலைக்குத் தைக்கக் கொடுத்த சட்டையை எடுக்கப் போகவில்லை. தையல் கடை எங்கள் கடையிலிருந்து நாலு வாசல் தள்ளித்தான் இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை அண்ணை. அதனால்தான் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். முழுக்க வாசித்துவிட்டுப் பிறகு கிழியுங்கள்.

நிரோஜினி எங்களை வழியனுப்பும்போது ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னாள். “பப்பா, தூஸ்மோன்! ஆறுதலாப் போங்கோ. ஒரு இடத்துக்கும் ஓடாதேங்கோ. இது சாமான் எடுக்கப் போற பயணம் இல்லை.” எனக்கு ஆறுதலாகப் போய்ப் பழக்கமில்லை. விடிய முதல் மொத்தச் சந்தைக்குப் போய், வெண்டிக்காய் வாடமுதல் கடைக்கு வந்து சேருகிறவன் நான். அதோடு எங்களிடம் இருப்பது கடை வான் ஒன்றுதான். அதை இரண்டு தரம் கழுவி, பின்பக்கம் ஊதுபத்தி கொளுத்தி வைத்தும், கருவாட்டு மணம் போகவில்லை. ஊதுபத்தி மணக்கும் கருவாடாக மாறியதுதான் மிச்சம். இந்திரா வழிச்செலவுக்கு என்று கடையிலிருந்து ஒரு குலை வாழைப்பழம், ஒரு பெரிய பை உறைப்பு மிக்சர், சோறு அவிக்கும் குக்கர், போர்வை, தைலம் எல்லாம் ஏற்றினாள். பிரான்ஸ் நாட்டில் சாப்பாடு கிடைக்காது என்று இத்தனை வருசம் பிரான்சில் இருந்த பிறகும் அவளுக்கு ஒரு பயம்.

பயணத்தில் எனக்கு ஒரு புதினம் தெரிந்தது. கடையில் நான் பின்னால் சாமான் இறக்கிக்கொண்டிருப்பேன், அவள் முன்னால் கல்லாவில் இருப்பாள். பக்கத்துப் பக்கத்தில் இருந்து நாங்கள் ஒரே திசையைப் பார்த்ததே குறைவு. வானில் முன்சீற்றில் ஏறியதும் அவள் “நிப்பாட்டுங்கோ” என்று சொல்லத் தொடங்கினாள். மாடு நின்றால் நிப்பாட்டுங்கோ. யாரோ வீட்டு மதிலில் ரோசாப்பூ தொங்கினால் நிப்பாட்டுங்கோ. இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பாள். “என்ன வேணும் உனக்கு?” என்று கேட்டால், “ஒண்டும் வேண்டாம். பாக்கிறன்” என்பாள். முதல் நாள் எனக்குச் சினம் வந்தது. இரண்டாம் நாள் அவள் சொல்லமுதலே நான் நிற்பாட்டினேன். மலைச்சரிவு முழுக்க வைனுக்கான முந்திரிகைக் கொடிகள் வரிசை வரிசையாக நிற்க, அதன் நடுவில் உங்கள் தங்கை சுவெட்டரும் போட்டுக்கொண்டு வாழைப்பழம் சாப்பிட்டபடி நடந்தாள். அண்ணை, எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மைத்துனரிடம் சொல்லுகிற விஷயம் இல்லைத்தான். ஆனாலும் எழுதிவிட்டேன்.

வழியெல்லாம் “தெகுஸ்தாசியோன்” என்று பலகை தொங்கியது. உள்ளே வந்து வைனை ருசி பாருங்கள் என்று அர்த்தம். நாங்கள் ஒன்றுக்குள்ளும் போகவில்லை. குடிக்காதவள் போய் என்ன செய்வது, நான் மட்டும் போனால் இவள் வானில் தனிய இருப்பதா என்று தாண்டித் தாண்டிப் போனோம். நாங்கள் உள்ளே போனதற்கு முழுக் காரணம் ஒரு நாய். ஒரு ஊரில் இவள் ஏதோ கிணற்றைப் பார்க்க இறங்க, நான் வானின் பின்கதவைத் திறந்து தண்ணிப் போத்தல் எடுத்தேன். அப்போது கன்றுக்குட்டி அளவில் ஒரு மண்ணிற நாய் உள்ளே பாய்ந்து, கருவாட்டுப் பெட்டி இருந்த மூலையைக் கண்டுபிடித்து, அங்கேயே படுத்துவிட்டது. பெட்டி இல்லை, மணம் மட்டும்தான். நாய்க்கு அது போதுமாக இருந்தது. பிரெஞ்சில் அதட்டினேன், தமிழில் கெஞ்சினேன், இறங்கவில்லை. கழுத்துப்பட்டியில் விலாசம் இருந்ததால் நாயோடு அந்த விலாசத்துக்கே வானை விட்டேன்.

அது மர்கரீத் என்கிற மனுஷியின் வீடு. வீட்டோடு சேர்ந்த நிலவறையில் வைன் பீப்பாக்கள். நாயைக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் மர்கரீத் “உள்ளே வாருங்கள்” என்று கூப்பிட்டாள். ஒருவர் வீட்டுக்குள் போகும்போது வெறுங்கையோடு போக முடியுமா? இந்திரா ஓடிப்போய் வாழைப்பழக் குலையையும் மிக்சர் பையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அடுத்தது, ஒருவர் வீட்டுக்குள் செருப்போடு போக முடியுமா? நாங்கள் இருவரும் நிலவறை வாசலில் செருப்பையும் சப்பாத்தையும் கழற்றி ஒழுங்காக வைத்தோம். தரை ஐஸ் போல இருந்தது, அது வேறு கதை. எங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கூட்டம் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கண்டதும் இந்த வீட்டு வழக்கம் இதுதானாக்கும் என்று அவர்களும் கழற்றினார்கள். மர்கரீத் திரும்பிப் பார்க்க, வாசலில் தேர்த்திருவிழா அளவுக்குச் சப்பாத்து. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் அண்ணை. பின்னால் நிற்கிற நீளமான வெள்ளைக்காரர், உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற மனிதர், அவர் காலிலும் ஒன்றுமில்லை. செருப்பு விஷயத்தில் உங்கள் தங்கை குற்றமற்றவள்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு மிக்சர்தான் பொறுப்பு. எங்கள் வாழைப்பழத்தையும் மிக்சரையும் மர்கரீத் மரியாதையாக ஒரு பீப்பாவின் மேல் வைத்தாள். பயணிகள் அதுவும் ருசி பார்ப்பதில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள். ஒரு வாய் வைன், ஒரு கை மிக்சர். நம்முடைய மிக்சர் எப்படி உறைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணி ஓட, அடுத்த கிளாஸ், அதற்கடுத்த கிளாஸ், நடுவில் வாழைப்பழம். பக்கத்தில் ஒரு தகர வாளி இருந்தது. வைனை வாயில் கொப்பளித்து ருசி பார்த்துவிட்டு அதில் துப்ப வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. பழத்தோல் போட என்று நினைத்து முதல் தோலை நான்தான் போட்டேன், எல்லோரும் என்னைப் பின்பற்றினார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு பெட்டி வைன் வாங்கிக்கொண்டு, “மிக்சர் எங்கே வாங்கலாம்?” என்று கேட்டார்கள். மர்கரீத் சிரித்த சிரிப்பில் நிலவறை அதிர்ந்தது. இவ்வளவு வைன் ஒரே தடவையில் அவள் விற்றதில்லையாம். எங்களைப் போக விடவில்லை.

சமையலறையிலிருந்து கதிரைகள் வந்தன. இந்திராவின் பிரெஞ்சு கல்லாவில் படித்த பிரெஞ்சு. ஆனால் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் குடும்பக் கதை சொல்ல அது தாராளமாகப் போதும் என்று அன்றைக்குக் கண்டேன். எங்கள் வீட்டில் கலியாணம் வருகிறது, என் அண்ணையின் மகளுக்கு, நான்தான் ஆலாத்தி எடுக்கப் போகிறேன் என்று சொன்னாள். அது என்ன என்று மர்கரீத் கேட்டாள். இவள் மிஞ்சியிருந்த வாழைப்பழத்தை வட்டமாக வெட்டி, தட்டில் வைத்து, நடுவில் சின்ன மெழுகுதிரித் துண்டுகளை ஊன்றிக் கொளுத்தி, இப்படித்தான் என்று சுற்றிக் காட்டினாள். பயணிகள் வெறுங்காலோடு சுற்றி நின்று பார்த்தார்கள். மர்கரீத் “கலியாணப் பொம்பிளை எந்த வருசம் பிறந்தவள்?” என்று கேட்டாள். இவள் சொன்னாள். மர்கரீத் இன்னும் கீழே ஒரு படிக்கட்டில் இறங்கிப்போய், தூசி பிடித்த போத்தல் ஒன்றோடு வந்தாள். கோசலை பிறந்த வருசத்து வைன். அதைத் திறந்து, முதல் கிளாசை ஊற்றி, இரண்டு கையாலும் இந்திராவிடம் நீட்டி, “பொம்பிளைக்காக!” என்றாள். படம் எடுத்தது அந்த நேரத்தில்தான். நீங்கள் குற்றம் சொல்கிற அந்தக் கிளாஸ் உங்கள் மகளின் பெயரில் ஊற்றிய கிளாஸ், அண்ணை.

ஆனாலும் பயப்படாதீர்கள். அவள் அதைக் குடிக்கவில்லை. தந்தவளின் மனம் நோகக்கூடாது என்று வாங்கினாள், படத்துக்காக உயர்த்தினாள், படம் எடுத்து முடிந்ததும் ஒருவரும் பார்க்காத நேரம் அந்த வாளிக்குள் மெல்ல ஊற்றிவிட்டாள். குடித்தது எல்லாம் நான். எனக்குத் தந்ததையும் அதற்கு முதல் அவளுக்குத் தந்ததையும் மரியாதை கருதி நானே குடித்து, பிறகு வானை ஓட்டிக்கொண்டு பத்திரமாகத் தங்குமிடம் வந்து சேர்ந்தேன். எப்படி ஓட்டினேன் என்பதை நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டாம். ஆண்கள் விஷயம் வேறுதானே. கலியாண மண்டபங்களுக்குப் பின்னால் கார் டிக்கிகள் திறந்து மூடுவதைப் பற்றி எழுத நான் வரவில்லை. போன வருசம் நம் சொந்தக்காரப் பொடியன் சஞ்சீவனின் கலியாணத்தில் உங்கள் டிக்கியில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. அது அபிஷேகப் பால் பழுதாகாமல் இருக்கத்தான் என்று நம்புகிறவன் நான்.

ஆகவே அண்ணை, கோபத்தை விட்டு, அந்தத் தட்டை உங்கள் தங்கையின் கையிலேயே கொடுங்கள். மச்சாளுக்கு என் அன்பு. கோசலையும் மாப்பிள்ளையும் நிறைந்த வாழ்வு வாழ, நீங்கள் நீண்ட ஆயுளோடும் குறைந்த இரத்த அழுத்தத்தோடும் இருந்து பார்க்க, எல்லாம் வல்ல பிள்ளையார் அருள் செய்வாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் பொறுப்புள்ள கணவன்,
குகதாசன்

பி.கு.: அண்ணை, இது இந்திரா. கடிதத்தை ஒட்ட முதல் வாசிச்சுப் பாக்கத் தந்தார். நாய், செருப்பு, வாழைப்பழம் எல்லாம் உண்மை. கடைசியிலை எழுதினதுதான் பொய். வான் ஓட்ட வேணும், பொலிஸ் பிடிக்கும் எண்டு ஒவ்வொரு வாயையும் அந்தப் பழத்தோலுக்கு மேலை துப்பினது இவர். மர்கரீத்துக்கே பாவமாப் போச்சு. நான் துப்பேல்லை, ஊத்தவும் இல்லை. எங்கடை பிள்ளை பிறந்த வருசத்தது, அவளின்ரை பேரைச் சொல்லி ரெண்டு கையாலும் தந்தது. அதைக் கொண்டுபோய் எச்சில் வாளிக்குள்ளை ஊத்துற மாமியோ நான்? குடிச்சன் அண்ணை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சன். முதல் புளிச்சுது, பிறகு நல்லா இருந்தது. அவள் நல்லா இருக்க வேணும் எண்டு நினைச்சுக்கொண்டுதான் குடிச்சன். அந்தக் கைதான் ஆலாத்தி எடுக்கும். இண்டைக்குத் தையல் கடையிலை சட்டையை எடுத்திட்டன், அளவாத்தான் இருக்கு. அந்த வருசத்துப் போத்தல் இன்னொண்டும் மர்கரீத் தந்து விட்டவ. கலியாணத்தண்டு உங்கடை டிக்கியிலை, பால் பெட்டிக்குப் பக்கத்திலை கொஞ்சம் இடம் விடுங்கோ.