கருவாட்டு வீட்டில் சுல்தானும் பேகமும்

நிஸார் முதலாளிக்கு இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பகையாளிகள். ஒன்று எலி, மற்றது பூனை. கருவாட்டு வியாபாரிக்கு மூன்றாவது பகையாளி தேவையில்லை.

எலியை அவர் ஒருவழியாகச் சமாளித்துவிட்டார். தில்லையடியில் வீட்டோடு ஒட்டியிருந்த அவருடைய கருவாட்டு ஸ்டோரில் ஒரு பொந்து மிச்சமில்லை. எல்லாவற்றையும் சீமெந்து பூசி அடைத்திருந்தார். பூனையைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கறுப்புப் பூனை, முற்றத்தில் காயவைத்த பாரைக் கருவாட்டை முழுசாகத் தூக்கிக்கொண்டு ஓடியது. களப்புக் கரை வரைக்கும் துரத்திப் போன முதலாளி, கருவாடும் இல்லாமல், ஒரு கால் செருப்பும் இல்லாமல் திரும்பி வந்தார். இனி ஒரு பூனையும் இந்த வாசற்படியை மிதிக்காது என்று அன்றைக்கே முடிவெடுத்தார்.

அவருடைய மனைவி ஸக்கியாவுக்கோ பூனை என்றால் உயிர்.

"இஞ்சாருங்க, ஒரே ஒரு பூனக்குட்டி" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தொடங்கினாள்.

"அத விடு. என்ட பச்சச் சாரன் எங்க? ரெண்டு கிழமையாத் தேடுறேன்."

"கொடியிலதான் போட்டேன். கச்சான் காத்து கொண்டு போயிருக்கும். பூனக்குட்டிக்கி என்ன செல்லுறீங்க?"

"செல்ல ஒண்ணுமில்ல."

"இது என்ட வாப்பா எனக்கு எழுதித் தந்த வீடு. என்ட வீட்டில ஒரு உசிர வளக்க எனக்கு உரித்தில்லயா?"

இந்த இடத்துக்குக் கதை வந்தால் முதலாளி தோற்றுப்போவது வழக்கம். கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடமாக இதே கதைதான். அதனால் இந்த முறை ஒரேயடியாக வாயை அடைக்கப் பார்த்தார்.

"நல்லாக் கேட்டுக்க. வல்லாஹி! பூனையத் தவிர நீ எந்த மிருகத்தக் கொண்டுவந்து வளத்தாலும் நான் ஒரு சொல்லுச் செல்ல மாட்டேன்!"

மிஞ்சிப் போனால் ஒரு கிளி கொண்டுவருவாள், இல்லாவிட்டால் கோழி. கோழி முட்டையாவது போடும். அப்படித்தான் அவர் கணக்குப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வந்தவர், தன் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக்கூட்டைக் கண்டார். ஃபேன் அந்தப் பக்கம் திருப்பி வைத்திருந்தது. கூட்டுக்குள்ளே பஞ்சுபோல வெள்ளை நிறத்தில், சிவந்த கண்ணோடு இரண்டு உருப்படிகள் வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டிருந்தன.

"இது... என்ன இது?"

"சுல்தான். மற்றது பேகம்."

"எலி!"

"ஓம், எலி. பூன இல்லயே?"

முதலாளியின் வாய் பெரிதாகத் திறந்தது. ஸக்கியா ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்துக்கொண்டே, "வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணியிருக்கீங்க" என்று மெதுவாக ஞாபகப்படுத்தினாள். திறந்த வாய் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

அதன் பிறகு அவருக்கு அந்த வீட்டில் காற்றே வரவில்லை. வெள்ளை எலிக்குப் புத்தளத்து வெயில் ஒத்துக்கொள்ளாதாம். ஃபேன் முழுநேரமும் சுல்தானுக்கும் பேகத்துக்கும். முதலாளி தன் பகல் தூக்கத்தைப் பத்திரிகையால் விசிறிக்கொண்டு தூங்கினார். சுல்தான் ஸக்கியாவின் தோளில் ஏறி, அவள் காதுக்குள் ஏதோ ரகசியம் சொன்னான். அவள் சிரித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதலாளி சொன்ன ஒன்றுக்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

புதன்கிழமை ஒரு துண்டு பாரைக் கருவாட்டைக் கூட்டுக்குள் போட்டாள். பேகம் மோந்து பார்த்தாள். பின்காலால் அதை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டாள்.

"பாருங்க, பிடிக்கல்லப் போல" என்றாள் ஸக்கியா.

இந்த அவமானம் முதலாளியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதே நேரம் சிலாபத்திலிருந்து இன்னாசித்தம்பியின் ஃபோன் வந்தது. முதலாளியிடம் லொறிக் கணக்கில் கருவாடு எடுக்கும் ஆள். சனிக்கிழமை காலையில் சரக்குப் பார்க்க வீட்டுக்கு வருகிறாராம். கருவாட்டுக்காரன் வீட்டில் எலி வளர்க்கிறார்கள் என்ற கதை வெளியே போனால், இன்னாசித்தம்பியின் லொறிக்கு முன்னால் அது சிலாபம் போய்ச் சேரும். பிறகு கருவாட்டை யார் தொடுவார்கள்? சனிக்கிழமைக்கு முன் எலி போயாக வேண்டும். ஆனால் வாயைத் திறக்க முடியாது.

அஸர் தொழுகை முடிந்ததும் இஸ்ஸதீன் மௌலவியைப் பள்ளி வாசலில் பிடித்தார்.

"ஹஸரத், என்ட கூட்டாளி ஒருத்தரு சத்தியம் பண்ணிட்டாரு. அத முறிக்கோணும். என்ன செய்யலாம்?"

"முறிச்சா கஃப்பாரா குடுக்கோணும். பத்து ஏழ மிஸ்கீன்மாருக்குச் சாப்பாடு."

"கஞ்சி குடுத்தாப் போதுமா?"

"வீட்டில வழமையா என்ன தின்னுறாங்களோ, அது மாதிரி." மௌலவி முதலாளியின் வயிற்றை ஒருமுறை பார்த்தார். "உங்கட கூட்டாளி வீட்டில கஞ்சியா காச்சுறாங்க?"

முதலாளி வீட்டில் நேற்றுப் பகல் கோழிப் புரியாணியும் வட்டலப்ப இனிப்பும். பத்துப் பேர் வட்டலப்பம் தின்னும் காட்சி அவர் கண்ணுக்கு முன் வந்து நின்றது.

"மூணு நோம்பு பிடிச்சாச் சரி எண்டு எங்கயோ கேட்டேனே?"

"அது வசதி இல்லாதவங்களுக்கு. உங்கட கூட்டாளிக்கி வசதி இல்லயா, முதலாளி?"

முதலாளி சலாம் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். நடந்துகொண்டிருக்கும்போதே மூளையில் மின்னல் அடித்தது. அவள் கொண்டுவருவதைப் பற்றித்தானே சத்தியம்? அவரே ஒன்றைக் கொண்டுவந்தால்? ஒரு பூனையைக் கொண்டுவந்து கூட்டுக்கு முன்னால் விட்டால், எலியின் உயிருக்குப் பயந்து ஸக்கியாவே கூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஒரு சொல்லும் வேண்டாம், ஒரு வட்டலப்பமும் வேண்டாம். அந்தச் சந்தோஷத்தில் ரோட்டில் போன முன்பின் தெரியாத ஆளுக்கும் சலாம் சொன்னார்.

வியாழக்கிழமை பாலாவிச் சந்திக்குப் போனார். அங்கே அஸ்மின் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தான். பாண் அலுமாரிக்கு மேலே ஒரு கொழுத்த மஞ்சள் பூனை தூங்கும்.

"அஸ்மின், இந்தப் பூனைய மூணு நாளைக்கி இரவல் தா."

"இரவலா? பூனைய யாராச்சும் இரவல் கேப்பாங்களா, நிஸார் நானா?"

"ஞாயித்துக்கிழமை திருப்பித் தாறேன்."

"திருப்பித் தராட்டியும் தேடி வர மாட்டேன்" என்று அஸ்மின் ஏனோ சிரித்தான். பூனையை ஒரு பன்புல் பையில் போட்டுக் கொடுத்தான். பஸ்ஸில் பூனை பையை விட்டு வெளியே வந்து, கருவாட்டு வாசம் வீசும் முதலாளியின் மடியில் உருண்டு படுத்துக் கண்ணை மூடியது. பக்கத்து சீட்டு மனுசி, "நல்லா வளத்திருக்கீங்க" என்று பாராட்டினாள்.

வீட்டு வாசலில் அவரைப் பார்த்த ஸக்கியா நெஞ்சில் கை வைத்தாள்.

"யா அல்லாஹ்! நீங்களா? பூனையா?"

"ஒனக்கு ஆசையெண்டு செல்லிக்கிட்டே இருந்தியே" என்றார் முதலாளி, தேன் ஒழுக.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பூனை கூட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சுல்தானை உற்றுப் பார்த்து நாக்கால் வாயைத் துடைத்தது. முதலாளி எதிர்பார்த்தது இதைத்தான்.

"ரெண்டையும் ஒரே வீட்டில வைக்கேலாது. எலியக் குடுத்திடுறேன்" என்றாள் ஸக்கியா பெருமூச்சோடு. "ஆனா நாளைக்கி இந்தப் பூனைய நீங்க வெரட்டினா? எனக்கு எலியும் இல்லாமப் போகும், பூனையும் இல்லாமப் போகும்."

"நான் வெரட்டுவேனா?"

"அப்ப சத்தியம் பண்ணுங்க."

சனிக்கிழமை இன்னாசித்தம்பி. முதலாளிக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

"வல்லாஹி! இந்தப் பூனைய நான் வெளியே அனுப்பவே மாட்டேன்!"

சொல்லி முடித்த பிறகுதான், ஞாயிற்றுக்கிழமை பூனையை அஸ்மினிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. பத்து மிஸ்கீன்களும் வட்டலப்பத் தட்டோடு திரும்பி வந்து அவர் முன்னால் வரிசையில் நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் வீட்டுக்கு வரும்போது, பக்கத்து வீட்டு ஜெமீலா கூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள்.

"என்ன ஜெமீலா, நீயா எலிய எடுக்கிறாய்?"

"எங்கட எலிதானே, நானா! மகன் கொழும்பில வாங்கினது. ஒரு கிழமைக்கி இரவல் தா எண்டு ஸக்கியா ராத்தா கேட்டாங்க. நாலு நாளிலேயே வேல முடிஞ்சிட்டாம்." கூட்டைச் சற்று உயர்த்திக் காட்டினாள். "சுல்தான், மாமாக்கி சலாம் செல்லு."

முதலாளி உள்ளே போனார். சாய்மனைக் கதிரையில் பூனை படுத்திருந்தது. ஃபேன் அதன் பக்கம் திருப்பி இருந்தது. முன்காலுக்குக் கீழே அரைப் பாரைக் கருவாடு. உடம்புக்குக் கீழே அளவெடுத்துத் தைத்த ஒரு மெத்தை. பச்சைக் கட்டம் போட்ட துணி. கிட்டத்தட்ட மூன்று கிழமைக்கு முன் கச்சான் காற்று கொண்டுபோன துணி. மூலையில் சிவப்பு நூலில் 'சீனி' என்று பெயர்கூடப் போட்டிருந்தது.

எலி வந்து நான்கு நாள். பூனை வந்து ஒரு நாள். மெத்தைக்கு மூன்று கிழமை. முதலாளி விரல் விட்டு எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பிறகு வாயைத் திறந்தார்.

"என்ன, ஏதோ செல்ல வந்தீங்க?" என்று குசினியிலிருந்து ஸக்கியாவின் குரல் வந்தது.

"இல்ல..." முதலாளி மெத்தையை ஒருமுறை பார்த்தார். "சீனிக்கி ஒரு தலகாணியும் தெச்சிருக்கலாம்."

"தெச்சாச்சி. நீங்க நீலச் சாரனத் தேட வேணாம்."