ஹஸ்பண்டால் வந்த வினை

பூண்டுலோயா,
1957 ஆடி, வெள்ளிக்கிழமை

மகாகனம் பொருந்திய பத்திராதிபர் ஐயா அவர்களின் மேலான சமூகத்துக்கு, கடைவீதித் தையல்காரன் பொன்னையா கைகட்டி எழுதிக்கொள்வது. நீங்களும் அச்சுக்கூடத்தாரும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தங்கள் பத்திரிகைதான்.

சென்ற ஞாயிறு, ‘ஹஸ்பண்ட்’ என்பது பழைய இங்கிலீஷ் சொல், ஆதியில் அதற்கு வீட்டை ஆள்பவன் என்று பொருள், கணவன் என்ற பொருள் பின்னால் வந்தது என்று போட்டிருந்தீர்கள். போட்டது உங்கள் தொழில். அதைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நின்று ஊருக்கே கேட்க வாசித்தது என் தலையெழுத்து. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த என் சம்சாரம் அம்மாக்கண்ணு, “அப்ப இந்தக் காம்பரா யாரு பேர்ல இருக்கு?” என்றாள். தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் பேர் பதிந்தவள் அவள். காம்பரா என்கிற லயத்து அறையும் அவள் பேரில். நான் வட்டவளையிலிருந்து வந்த வீட்டோடு மாப்பிள்ளை. “அப்ப நாந்தாங்க ஹஸ்பண்டு” என்றாள். லயமே சிரித்தது. ரோசம் பொத்துக்கொண்டு வர, மறுநாளே தோட்டத்து ஆபீசுக்குப் போய், நான்தான் ஹஸ்பண்ட், பத்திரிகையே சொல்கிறது, காம்பராவை என் பேருக்கு மாற்றித் தாருங்கள் என்று தாளை நீட்டினேன். வேலை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “செக்ரோல்ல பேர் இல்லாத வெளியாளு, எத்தனை நாளா லயத்துல குந்தியிருக்கே?” என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! நாளைக் காலை வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னிலையிலும் அம்மாக்கண்ணு பதில் சொல்ல வேண்டுமாம். பதில் சரியில்லையென்றால் காம்பராவுக்குப் பூட்டு. கைப்பிள்ளையோடு அவள் எங்கே போவாள்? சட்டிபானையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். மழை வேறு விடவில்லை. ஹஸ்பண்டுக்கும் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று உடனே திருத்தம் போட்டு எங்களைக் காப்பாற்றுங்கள்.

தங்கள் குடும்பமும் அச்செழுத்தும் தழைத்தோங்க வேண்டும்,
இன்று இரவு வரை வீடுள்ள,
பொன்னையா.

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் பெரட்டு முடிந்துவிட்டது. “உன் காம்பராவுல இருக்கிற ஆளு யாரு?” என்று கண்டாக்கையா உறுமினார். அம்மாக்கண்ணு நிமிர்ந்து, “எங்க வீட்டுக்காரருங்க. அவரு போகணும்னா நானும் போறேங்க. கொழுந்த யாரு எடுக்கிறதுன்னு ஐயாவே பாத்துக்குங்க” என்று கூடையை இறக்கினாள். பக்கத்தில் நின்ற காளியாயியும் இறக்கினாள். பிறகு வரிசையே இறக்கியது. மலையெல்லாம் கொழுந்து முற்றிக் கிடக்கிறது. கண்டாக்கையா இருமிவிட்டு என் பேரையும் பதிந்துகொண்டார். திங்கள் முதல் எனக்குப் புல்வெட்டு. அவள் அப்படிச் சொன்னதும் என் கண் கலங்கிவிட்டது ஐயா. திருத்தம் வேண்டாம். ‘வீட்டுக்காரர்’ என்று நம் தமிழில் ஒரு சொல் இருக்கிறது, அடுத்த ஞாயிறு அதைப் போடுங்கள். சத்தம் போடாமல் வாசித்துக்கொள்கிறேன்.